பிள்ளை பெற்றவளிடம் பத்துக் கேள்வி

பெயரில் எடின்பரோ இருந்தாலும், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை அளக்கும் இந்தப் பத்துக் கேள்வித் தாள் கருவான இடம் உகண்டா. 1970களின் முற்பகுதியில் ஜோன் கொக்ஸ் என்ற இளம் மனநல வைத்தியர் கம்பாலாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். நகரத்தை ஒட்டிய கிராமப் பக்கங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் சந்தித்துக் கதைத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வெள்ளைக்காரிகளின் நோய், ஆபிரிக்கப் பெண்ணுக்கு அது வராது என்று வைத்திய உலகில் பலர் நம்பியிருந்த காலம் அது. ஏறத்தாழப் பத்தில் ஒருத்திக்கு அது இருப்பதை கொக்ஸ் கண்டார். பகண்டா மக்களிடம் அதற்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நோய்க்குப் பெயரே இருந்தது: அமகிரோ. பிள்ளை பெற்றவள் நிலை தடுமாறுவாள், பெற்ற பிள்ளையையே தின்னப் பார்ப்பாள் என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருந்த நாளில் யாரோ வழி தவறியதால் வந்தது என்று காரணமும் சொன்னார்கள்.

ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிய கொக்ஸுக்கு ஒரு சிக்கல். மனச்சோர்வை அளக்க அன்றைக்கிருந்த படிவங்களெல்லாம் உடம்பைப் பற்றிக் கேட்டன. நித்திரை வருகிறதா, களைப்பு இருக்கிறதா, பசிக்கிறதா, நிறை குறைந்ததா? பச்சை உடம்புக்காரியிடம் இப்படிக் கேட்டால் எந்தத் தாய்தான் நோயாளியாக மாட்டாள்? இரவு நான்கு தடவை எழும்பிப் பால் கொடுப்பவளுக்குக் களைப்பு ஒரு நோய்க்குறி அல்ல. ஆகவே உடம்பை வெளியே எடுத்துவிட்டு மனதை மட்டும் கேட்கும் ஒரு படிவம் தேவைப்பட்டது. கொக்ஸும் ஜெனி ஹோல்டனும் ரூத் சகோவ்ஸ்கியும் எடின்பரோவிலும் அருகிலுள்ள லிவிங்ஸ்டனிலும் இருந்த சுகாதார நிலையங்களில் அதைச் செதுக்கினார்கள். 21 வாக்கியங்கள் 13 ஆகி, கடைசியில் 10 ஆயின. சிரிக்க முடிகிறதா, வருவதை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, வீணாகத் தன்னையே குற்றம் சொல்கிறாளா, காரணமில்லாமல் பயப்படுகிறாளா என்று போய், தனக்குத் தானே கேடு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடியும். கடந்த ஏழு நாட்களைப் பற்றித்தான் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, ஆகக் கூடியது 30. ஐந்து நிமிட வேலை. 84 தாய்மாரிடம் சரிபார்த்து, 1987 ஜூனில் ‘பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் சைக்கியாட்ரி’யில் வெளியிட்டார்கள். 12க்கு மேல் எடுத்தால் மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்றார்கள். முதல் நிலைச் சுகாதார சேவையில் ஒருவரையும் தவறவிடக் கூடாதென்றால் 9க்கு மேலேயே கவனியுங்கள் என்றும் எழுதி வைத்தார்கள்.

அந்தத் தாள் உலகம் முழுக்கப் போனது. அதே மூவரும் இரண்டு வருடத்தில் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அந்த அளவுக்குப் போகவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். மனச்சோர்வு உறுதியான 50 தாய்மாரை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, ஊரில் வழமையாகக் குழந்தைகளைப் பார்க்கப் போகும் சுகாதாரப் பெண் பணியாளரே கிழமைக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவை போய் அரை மணி நேரமளவில் உட்கார்ந்து கேட்டார். புத்தி சொல்லவில்லை, கேட்டார். அதற்கென்று கொடுத்த பயிற்சியும் மிகக் கொஞ்சம். முடிவில் அப்படிப் போய்ப் பார்த்த 26 பேரில் 18 பேர் தேறியிருந்தார்கள். மற்ற 24 பேரில் தேறியவர்கள் 9 பேர்தான். ஆக, புள்ளி போடும் தாளும் போட்ட பிறகு திரும்பிப் போகும் கால்களும் ஒரே கையால் செய்யப்பட்டவை. தாளைப் பிரதி எடுக்கச் சில சதம் போதும். எட்டு வருகைக்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். எது முதலில் கடல் தாண்டியது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தியாவுக்குள் அந்தத் தாள் கோவா வழியாகவும் வேலூர் வழியாகவும் வந்தது. 2002இல் விக்ரம் பட்டேலின் குழு கோவாவில் 270 தாய்மாரைப் பார்த்து 23 வீதத்தினருக்கு மனச்சோர்வு இருப்பதைக் கண்டது. பிறந்தது பெண் பிள்ளையாக இருந்தது அங்கே ஒரு காரணம். அதே வருடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், வேறொரு நேர்காணல் முறையைக் கொண்டு, தமிழ்நாட்டுக் கிராமத் தாய்மாரில் பிரசவத்துக்குப் பின் புதிதாகச் சோர்ந்தவர்கள் 11 வீதம் என்றார்கள். காரணங்களாக அவர்கள் கண்டவை: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்தில் வந்த இடி, வீட்டு வேலைக்குக் கை கொடுக்க ஆள் இல்லாதது. எடின்பரோத் தாளைத் தமிழில் வைத்துச் சரிபார்த்ததும் வேலூர்தான், 2005இல். தமிழ்த் தாய்மாருக்கு 12 என்ற எல்லை மிக உயரம் என்று அந்த ஆய்வு காட்டியது. இலங்கையில் 2008இல் வெளியான சரிபார்ப்பும் எல்லைக் கோட்டை 9 அளவுக்கு இறக்கியது. ஒரே துக்கத்துக்கு ஒரு நாட்டில் 13 புள்ளி கிடைக்கிறது, இன்னொரு நாட்டில் 9. அளவுகோலை மாற்றாமல் கொண்டுபோகும் வைத்தியர் நம் பெண்களில் பலரைச் சுகம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரைக்கு மனதை அளக்கும் தாள்கள் முதலில் கூட்டமாக வந்தது வேறு வழியில். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. இலங்கையில் ஆழிப்பேரலை ஆகக் கூடிய உயிர்களைக் கொண்டுபோனது இந்த மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாதபடி ஒட்டிக் கிடக்கும் கரை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். அந்தக் கரையில் கடலோர வீட்டு வரிசை அப்படியே துடைக்கப்பட்டது. பின்னால் வந்த வெளிநாட்டுக் குழுக்கள் கூடாரங்களுக்கு இடையில் அதிர்ச்சியை அளக்கும் படிவங்களோடு நடந்தன. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லிவிட்டுப் போகும் முறை பின்னாள் நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது ஆய்வுலகில் அப்போதே தெரிந்திருந்தது. அந்தச் செய்தி விமானத்தில் வந்த எல்லோருடைய பையிலும் இருக்கவில்லை. காலம் முடிந்ததும் குழுக்கள் போயின, படிவங்களும் போயின.

எடின்பரோத் தாள் மட்டும் தங்கிவிட்டது. காரணம், அது குடும்பநல உத்தியோகத்தரின் பையில் ஏறிக்கொண்டது. ஊரில் அவரை மிட்வைஃப் மிஸ் என்பார்கள். இலங்கையின் தாய்சேய் சேவையே அவருடைய கால்களில்தான் நிற்கிறது. கர்ப்பம் பதிவதும் அவர், பிரசவமானதும் வீடு தேடி வருவதும் அவர், தடுப்பூசிக்குக் கிளினிக் வரச் சொல்வதும் அவர். பிரசவமாகிச் சில வாரத்தில் இந்தப் பத்துக் கேள்வியையும் அவரே கேட்கிறார். புள்ளி கூடினால் சுகாதார வைத்திய அதிகாரி, அங்கிருந்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவு என்று வழி போகும். எட்டு வருகைக்குத் தனியாக ஆள் வைக்க முடியாத நாட்டில், எப்படியும் அந்த வீட்டுக்குப் போகிற ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறார் என்பது சின்ன விஷயமல்ல.

இனித்தான் இந்தக் கரையின் கதை. வேலூர் ஆய்வைப் படித்த வைத்தியர் இங்கே வந்து, ‘மாமியார் எப்படி?’ என்று முதலில் கேட்டால் ஒன்றும் அகப்படாது. தமிழ்நாட்டில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். இங்கே புகுந்த வீட்டுக்குப் போகிறவன் ஆண். முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும் கிழக்குக் கரையில் தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடு மகளுக்குச் சீதனம், மருமகன் அங்கே வந்து குடியேறுகிறான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே பிள்ளை பெற்றவளைச் சுற்றி அவளுடைய உம்மா (தாய்), ராத்தா (அக்கா), சாச்சி (சின்னம்மா). மாமி வந்து பார்த்துவிட்டுப் போவார். பாதுகாப்பு என்று பார்த்தால் இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியென்றால் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘உம்மா இருக்காவா?’ என்பதுதான். 2004இல் ஐந்து வயதாக இருந்த பெண் பிள்ளைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவள்தான் இன்றைக்குப் பிள்ளை பெறுகிறாள். அலையில் உம்மாவை இழந்து சாச்சியிடம் வளர்ந்தவளுக்கு, பிரசவத்தின் நாற்பது நாட்களில் அந்த இடம் வெறிச்சென்று தெரியும். உம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன வீட்டிலும் அப்படித்தான். பிறகு வீடு. அலைக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குக் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரைப் பதியும் வழக்கம் இந்தக் கரையின் பெண்வழி உரிமையோடு மோதியதை மெக்கில்வ்ரேயும் பற்றீஷியா லோரன்ஸும் எழுதியிருக்கிறார்கள். உம்மா இருக்கும் வீட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, மூத்தவளுக்கு வளவின் மூலையில் பாதி எழும்பிய சுவர், கடன், அந்தக் கடனுக்காகக் கட்டாருக்குப் போன மாப்பிள்ளை. பத்துக் கேள்வியில் இதில் ஒன்றுகூட இல்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையின் 427 இளம் பிள்ளைகளைப் பார்த்தது. பேரழிவு ஒரு பக்கம் தாக்க, வறுமை, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை போன்ற அன்றாட நெருக்கடிகளும் தம் பங்குக்குத் தனியாகத் தாக்கியிருந்தன. புள்ளி 14 என்று கண்ட வைத்தியர் அலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் கடனைப் பற்றிக் கேட்பது நல்லது.

தாளின் முக்கிய விதி, தாய் தனியாக, பிறரோடு கலந்து பேசாமல் நிரப்ப வேண்டும் என்பது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் நிறைந்த வீட்டில் அது எப்படி நடக்கும்? உம்மா பக்கத்தில் நின்று, “அவளுக்கு ஒண்டுமில்ல மிஸ், நாங்க எல்லாரும் இரிக்கம்தானே” என்று பதிலையும் சொல்லிவிடுவார். தையல் காயம் பார்க்கவோ பால் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதுதான் கிடைக்கிற தனிமை. அந்த நேரத்தில் கேட்காத கேள்வி பிறகு கேட்கப்படாது. இன்னொன்று, இது அரசாங்கத்தின் தாள். 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு நாடு முழுக்கப் பரவியது. அது நிரூபிக்கப்படவேயில்லை. அதற்கடுத்த வருடம் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் கட்டாயமாக எரித்தார்கள். இதையெல்லாம் பார்த்த சமூகத்துப் பெண் ஓர் உத்தியோகத்தர் பேனாவோடு இருக்கும்போது எவ்வளவைச் சொல்வாள் என்று வைத்தியர் நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்த புள்ளி எப்போதும் நல்ல செய்தி அல்ல.

கொக்ஸ் வெளியே எடுத்துவிட்ட உடம்பு இங்கே முன்கதவால் திரும்பி வருகிறது. ‘மனம் சரியில்லை’ என்று கிளினிக்குக்கு வருகிறவள் குறைவு. கை கால் உளையுது, நெஞ்சு பதறுது, தலைக்குள்ள என்னமோ ஓடுது, ஒரே யோசனை என்று வருகிறவர்கள்தான் கூட. கொக்ஸ் எடுத்தது சரியே, களைப்பைக் கணக்கில் சேர்த்தால் எல்லோரும் நோயாளி. ஆனால் கேள்வித்தாளை அப்படியே தொடங்காமல், உளைவிலிருந்தும் நெஞ்சுப் பதறலிலிருந்தும் கதையைத் தொடங்கி, ‘எந்த நேரம் கூட?’, ‘அப்ப என்ன யோசனை ஓடும்?’ என்று போனால் பத்துக் கேள்வியில் பாதி தானாக வந்துவிடும். நடுக்கமும் காரணமில்லாப் பயமும் முன்னால் நிற்கிற பெண்களில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கேள்விகளின் புள்ளியைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பதும் பயனுள்ளது. மொத்தம் குறைவாக இருந்தாலும் பதற்ற நோயை அந்த மூன்றும் காட்டிக்கொடுக்கலாம்.

அன்றாடக் கடமைகளில் நாட்டம் போய்விட்டதா என்று அறிய முஸ்லிம் பெண்ணிடம் தொழுகையைப் பற்றிக் கேட்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பிரசவத்துக்குப் பிந்திய நிபாஸ் நாட்களில் அவளுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. தொழவில்லை என்பது அங்கே நோய்க்குறி ஆகாது. மாறாக, ஐந்து நேரமும் தொழுது மனப்பாரத்தை இறக்கி வைத்துப் பழகியவளுக்கு அந்த வழி சில வாரங்களுக்கு அடைபட்டிருக்கிறது என்பதுதான் வைத்தியர் கவனிக்க வேண்டியது. திக்ருக்கும் துஆவுக்கும் தடை இல்லை. அதை ஓர் ஆலிம் அல்லது வீட்டு மூத்தவர் ஞாபகப்படுத்தினாலே சிலருக்கு ஆறுதல்.

பத்தாம் கேள்விக்கு வருவோம். மொத்தப் புள்ளி எதுவானாலும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தம் 5 எடுத்தவள் இதில் 1 எடுத்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. மார்க்கத்தில் ஹராம் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று அடையாளமிடுவது ஈமானின் பதிலாகவும் இருக்கலாம். “மகள், அல்லாஹ் என்ன எடுத்துக்கிட்டா நல்லம் எண்டு எப்பயாவது தோணிச்சா?” என்று கேட்டுப் பார்த்தால் வேறு பதில் வரக்கூடும். அதிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போகலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பிரசவ காலத் தற்கொலையைத் தாய் மரணத்தின் நேரடிக் காரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல்தான் வகைப்படுத்தியது. அதுவரை அந்தச் சாவுகள் பல நாடுகளின் கணக்கில் பிரசவத்தோடு சேராமலே கிடந்தன.

இனி எல்லைக் கோடு. 2020இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ 58 ஆய்வுகளின் 15,557 பேரைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பை வெளியிட்டது. 11 என்ற கோடு நோயுள்ளவர்களில் 81 வீதத்தினரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 88 வீதத்தினரை விட்டுவிடுகிறது. 13இல் இவை 66, 95. கல்முனைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நூறு தாய்மாரில் பத்துப் பேருக்கு உண்மையில் நோய் என்று வைத்தால், 11இல் எட்டுப் பேர் அகப்படுவார்கள், இரண்டு பேர் தப்புவார்கள். நோயில்லாத பதினொரு பேரும் கூடவே வருவார்கள். உளநலப் பிரிவுக்கு அனுப்பப்படும் பத்தொன்பது பேரில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள். அவர்களுக்கெல்லாம் ‘மனநோய்’ என்று பெயர் சூட்டி ஊர் பார்க்க அனுப்பினால் அடுத்த பிரசவத்தில் யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. ஆகவே புள்ளி ஒரு நோய்த்தீர்ப்பு அல்ல. ஒன்றிரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கேட்டு, இரண்டாம் தடவையும் உயர்ந்து நிற்பவர்களை வைத்தியர் நேரில் பார்ப்பதே சரி. பத்தாம் கேள்வியில் புள்ளி எடுத்தவளுக்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது.

இந்தத் தாள் பிடிப்பதற்கென்று செய்யப்படாத நோயும் ஒன்று உண்டு. கொக்ஸ் உகண்டாவில் கேள்விப்பட்ட அமகிரோவின் சாயல் அதில் தெரியும். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், நித்திரையே இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சு, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை என்று தொடங்கி மணிக்கணக்கில் முற்றும். கரையில் இதை ஜின் என்பார்கள். ஓதிப் பார்ப்பதும் இசும் கட்டுவதும் நடக்கும். அதைத் தடுக்கப் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஓதுவது ஓதட்டும், ஆனால் தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை ஓதுகிற ஹஸ்ரத்தின் வாயாலேயே சொல்ல வைத்தால் வேலை நடக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு இதைப் பற்றி முன்கூட்டியே ஒரு தடவை கதைத்து வைத்திருப்பது, கேஸ் வந்த பிறகு கதைப்பதைவிட எவ்வளவோ மேல்.

தாளோடு கடல் தாண்டாமல் விட்டுப்போன எட்டு வருகையையும் வேறு சிலர் பிடித்துக்கொண்டார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் குழுவும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குச் சிந்தனையைத் திருத்தும் சிகிச்சையின் எளிய வடிவம் ஒன்றைப் பழக்கினார்கள். 903 தாய்மார். 2008இல் ‘லான்செட்’டில் வந்த முடிவு: ஆறு மாதத்தில் வழமையான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 வீதத்தினர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள், பயிற்சி பெற்றவர் போன வீடுகளில் 23 வீதம். அவர்கள் மனநோய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள், வீட்டு மூத்த பெண்களையும் கூட்டுச் சேர்த்தார்கள். கூட்டுக் குடும்பத்து முஸ்லிம் கிராமங்களில் அந்த வாசல் திறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதைக் கைநூலாக்கியது. கல்முனைப் பிராந்தியத்துக்கு எடின்பரோவைவிட ராவல்பிண்டி கிட்ட என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே வித்தியாசம், அங்கே மாமியாரை வசப்படுத்தினார்கள், இங்கே உம்மாவை வசப்படுத்த வேண்டும்.

குளிசை விஷயத்திலும் உம்மாதான். பால் கொடுக்கிறவளுக்கு மனச்சோர்வுக் குளிசை தேவைப்பட்டால் வைத்தியர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது செர்ட்ராலின். தாய்ப்பாலில் அது சேரும் அளவு மிகக் குறைவு, பாலை நிறுத்தத் தேவையில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு முன் பெரிதாக ஒன்றும் தெரியாது, சுகமானவுடன் தானாக நிறுத்தவும் கூடாது. கிளினிக்கில் இதை மகளிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், பின்னேரம் வீட்டில் “பிள்ளைக்கு நஞ்சாப் போகும்” என்ற ஒரு சொல்லோடு குளிசை அலமாரிக்குள் போய்விடும். மகள் சம்மதித்தால் உம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, துண்டைக் காட்டி, எத்தனை மாதம், ஏன், பாலுக்கு ஏன் கெடுதல் இல்லை என்று அவருக்கும் விளங்கப்படுத்தி, அவர் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். கட்டாரிலுள்ள மாப்பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் சொல்கிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.